அடிக்காமல் விட்ட பந்து

ஸ்குவாஷில் எதிராளி எதிரே நிற்பதில்லை. நடுவில் வலை கிடையாது. நாலு சுவருக்குள் இரண்டு பேரும் ஒரே தரையில் ஓடி, ஒரே சுவரைப் பார்த்து அடிக்கிறோம். பாதி நேரம் அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பார். ஷூ தேய்கிற சத்தம், மூச்சு இரைப்பு, வியர்வை வாடை, இவற்றை வைத்துத்தான் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வருஷம் தொழில்முறை ஆட்டத்துக்குள் கால் வைக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

நான் வாங்கிய பட்டங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதெல்லாம் இணையத்தில் கிடைக்கும். நான் தோற்ற ஒரு ஃபைனலைப் பற்றிச் சொல்கிறேன். அதை இதுவரை ஒரே ஒருத்தியோடு மட்டும்தான் முழுசாகப் பேசியிருக்கிறேன். அவள் அன்று என்னை ஜெயித்தவள்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஜூஜுவாடியில், கர்நாடகா எல்லைக்கு இந்தப் பக்கம், ஹைவே ஓரத்தில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், லாரி உதிரிபாகக் கடை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கும் கன்னடமும், லாரிக்காரர்களோடு உடைந்த இந்தி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் கிளப்பில் ஒரு ஸ்குவாஷ் கோர்ட் இருந்தது. எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அதிகாரி தன் ஆசைக்குக் கட்டினது. அவர் போன பிறகு கேன்டீன்காரர்கள் அதில் வெங்காய மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். என் மாமா அந்தக் கேன்டீனில் வேலை. மூட்டைகளை ஒதுக்கிவிட்டு அந்த வாடையிலேயே சுவரில் பந்தை அடித்துப் பழகினேன். இன்றைக்கும் வெங்காயம் உரிக்கும்போது எனக்குக் கை பரபரக்கும்.

பெங்களூரில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. ஒரு ஜூனியர் ஆட்டத்தில் எதிராளி ஓங்கி அடித்த பந்து என் முதுகில் பட்டது. வட்டமாகச் சிவந்து, நடுவில் வெள்ளையாக, முத்திரை குத்தின மாதிரி தடம். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"பந்தை எல்லாரும் அடிப்பாங்க ரெஹானா. ஓங்கின கையை நிறுத்தறதுதான் வித்தை."

உங்களுக்கே தெரியும், விதியும் அதைத்தான் சொல்கிறது. நீங்கள் அடித்தால் எதிராளி மேல் படும் என்று தோன்றினால் கையை நிறுத்தி 'லெட்' கேட்கலாம். நடுவர் ஒத்துக்கொண்டால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் 'நோ லெட்', புள்ளி போய்விடும். ஜெயிக்கப்போகிற பந்தை யாருடைய முதுகையோ காப்பாற்றுவதற்காக விடுவது லேசான காரியம் இல்லை. அதை நான் பழகிக்கொண்டேன். என் கை நல்ல கை என்று பேர் வாங்கினேன்.

இனி அந்த ஃபைனல் நடந்த போச்சம்பள்ளி.

அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, பழைய ஷெட் ஒன்றைப் புதுப்பித்து உள்விளையாட்டு அரங்கமாக்கியிருந்தது. அதற்குள் பளபளவென்று ஒரு ஸ்குவாஷ் கோர்ட். மூன்று பக்கம் வெள்ளைச் சுவர், பின்பக்கம் கண்ணாடி, கீழே புது மரத்தரை. திறப்பு விழாவோடு சேர்த்துத் தேசிய அளவில் ஒரு போட்டியை நடத்த அவர்களே முன்வந்தார்கள். சாதாரணப் போட்டியாக இருந்தால் நான் போயிருக்க மாட்டேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். ஆனால் அந்த வருஷம் இந்திய அணியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சமிருந்தது. இந்தப் போட்டியில் ஜெயிப்பவருக்கு அந்த இடம். என் வயதுக்கு அது கடைசி வாய்ப்பு என்று எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் தனியாக அடித்துப் பார்க்கப் போனேன். வெளியே நல்ல வெயில். கூரையில் பதித்திருந்த பிளாஸ்டிக் தகடு வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அடித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். முன்பக்க இடது மூலைக்குப் போகும்போதெல்லாம் நான் நேராகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன். கோர்ட்டில் இன்னொரு ஆள் குறுக்கே நின்றால் எப்படி உடம்பை ஒதுக்கி வழி விடுவோமோ, அப்படி.

நின்றேன். அந்த இடத்தைப் பார்த்தேன். வெறும் தரை.

வேண்டுமென்றே நேராக நடந்து போய் மூலையில் கால் வைத்தேன். மற்ற இடத்தில் மரத்தில் ஷூ பட்டால் கணீரென்று ஒரு சத்தம் வரும். அங்கே வரவில்லை. மெத்தையில் தட்டின மாதிரி அமுங்கின சத்தம். கணுக்கால் வரைக்கும் ஒரு சில்லிப்பு. பராமரிப்புப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"புது மரம் மேடம், இன்னும் செட் ஆவல. ரெண்டு மாசத்துல சரியாப் போயிடும்," என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? தரையில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்றா?

முதல் சுற்றுகளில் ஒன்றும் இல்லை. மற்ற ஆட்டங்களில் எல்லாரும் அந்த மூலைக்கு ஓடினார்கள், குனிந்தார்கள், எடுத்தார்கள். நான் மட்டும் அங்கே போடுவதைத் தவிர்த்துப் பின்பக்கமாகவே அடித்து ஜெயித்துக்கொண்டிருந்தேன். அரையிறுதியில்தான் முதன்முதலாகக் கண்ணோரத்தில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. திரும்பினால் இல்லை. பந்தைப் பார்த்தால் மறுபடி கண்ணோரத்தில். தரையோடு தரையாக, சின்னதாக. அறைக்கு வந்து கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டேன். அது கண்ணில் இல்லை என்று மனதுக்குத் தெரிந்தது. கண்ணில் இருக்கிற புள்ளி கண்ணோடு கூடவே நகரும். இது நகரவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை காலை. எதிராளி சௌம்யா. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரி, பெங்களூரில் பயிற்சி. என்னைவிட ஆறேழு வயது சின்னவள். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு சுங்கச்சாவடிதான் தூரம் என்று நாங்களே கிண்டல் பண்ணிக்கொள்வோம். அவளுடைய பலமான அடி, முன் இடது மூலையில் மெல்ல இறக்கிவிடுகிற டிராப். பந்து சுவரைத் தொட்டு அப்படியே செத்து விழும். என் முழங்காலுக்கு எதிராக அவள் அதைத்தான் போடுவாள் என்று பயந்துகொண்டே உள்ளே போனேன்.

முதல் கேம் முழுக்க ஒரு தடவைகூடப் போடவில்லை. இரண்டாவது கேமிலும் இல்லை. நான் முன்னால் ஓட முடியாமல் தடுமாறின நேரத்தில்கூட, கையை வெட்டித் திருப்பி, பின்பக்கமே அடித்தாள். அவள் பயிற்சியாளர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கையால் தட்டித் தட்டி இடது மூலையைக் காட்டுகிறார். அவள் அவரைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். எனக்கு விசித்திரமாக இருந்தது. ஆனால் அதனால் லாபம் எனக்குத்தான். ஆளுக்கு இரண்டு கேம் ஜெயித்து ஐந்தாவதுக்கு வந்தோம்.

ஐந்தாவதில் பத்துக்கு எட்டு என்று முன்னால் இருந்தேன். இன்னும் ஒரு புள்ளி, அணியில் இடம். நீண்ட ஆட்டம். அவள் அடித்த பந்து பக்கச்சுவரில் பட்டு நடுவில் தளர்ந்து எழும்பியது. அவள் வலது பின்மூலையில் சறுக்கி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவே முடியாது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். முன் இடது மூலையில் ஓங்கி ஒரு அடி. சின்னப் பிள்ளைகூட அடிக்கக்கூடிய பந்து அது.

கை ஓங்கிவிட்டேன்.

மூலையில் ஒரு சிறுமி குந்தியிருந்தாள்.

இந்தத் தடவை கண்ணோரத்தில் இல்லை, நேராக. முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் டி-ஷர்ட். ஒற்றைச் சடை, பாதி அவிழ்ந்து, சிவப்பு ரிப்பன் நுனி தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்கழுத்தில் எலும்பு லேசாகத் துருத்தியிருந்ததுகூடத் தெரிந்தது. நான் அடித்தால் பந்து அந்தக் கழுத்தில்தான் விழும்.

கை நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. பந்து இரண்டு முறை குதித்து உருண்டது. உருண்டு அவள் இருந்த இடத்தின் வழியாகவே போய்ச் சுவரில் முட்டி நின்றது. அங்கே யாரும் இல்லை.

"லெட், ப்ளீஸ்," என்றேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அரங்கமே சிரித்தது. எதிராளி கோர்ட்டின் மறு கோடியில் கிடக்கிறாள், இவள் யாருக்காக லெட் கேட்கிறாள்? நடுவர் குழப்பத்தோடு குனிந்து பார்த்தார். "நோ லெட்," என்றார்.

பத்துக்கு ஒன்பது. அதற்குப் பிறகு நான் ஆடினது ஆட்டமே இல்லை. வரிசையாக மூன்று புள்ளி விட்டேன். முடிந்தது.

கைகொடுக்க வந்த சௌம்யாவின் முகத்தில் ஜெயித்த களை இல்லை. என்னைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி பிடித்துக் காதோரம் கேட்டாள்.

"நீவூ நோடித்ரா?" நீங்களும் பார்த்தீர்களா?

"என்னத்தை?" என்றேன்.

"மூலையில. குழந்தை." அவள் தமிழுக்கு மாறினாள். "நேத்துல இருந்து பார்க்கறேன் அக்கா. தூக்கம் பத்தலன்னு நினைச்சேன். நீங்க கையை நிறுத்தினீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சது எனக்கு மட்டும் இல்லன்னு."

"மூஞ்சி பார்த்தியா?"

"இல்ல. முதுகுதான். சடை அவுந்திருக்கு."

நான் அவள் கையை விடவில்லை. அவளும் விடவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எங்கள் விளையாட்டு மனப்பான்மையைப் பாராட்டிக் கைதட்டினார்கள்.

அதற்குள் மைக்கில் அறிவிப்பு. கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் பிரபாகர் பேசினார். போட்டி ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த அரங்கத்தில் இனி இலவசப் பயிற்சி என்றும், பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள் என்றும், சாம்பியனோடு கோர்ட்டுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். வாசலில் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக டி-ஷர்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சள் டி-ஷர்ட்.

நான் ஸ்கர்ட்டுக்கு மேல் டிராக் பேன்ட் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்திருந்தேன். பிள்ளைகள் அதைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். வரிசையின் நடுவில் ஒரு சிறுமிக்கு டி-ஷர்ட் தலையில் மாட்டிக்கொண்டது. இழுத்து இறக்கினாள். இறக்கின வேகத்தில் சடை பாதி அவிழ்ந்தது. சிவப்பு ரிப்பன் தோளில் விழுந்தது. அவள் ஷூ கயிறும் அவிழ்ந்துதான் கிடந்தது. இன்னும் கட்டவில்லை. உள்ளே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று வருகிறாள்.

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பயத்தைவிட ஒரு அவசரம். ஓங்கின கையை நிறுத்துகிற அதே அவசரம். என்ன ஆகப்போகிறது என்று தெரியாது. அந்தப் பிள்ளை அந்த மூலைக்குப் போகக்கூடாது, அது மட்டும் தெரியும். காரணத்தைச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நானே நம்ப மாட்டேன். அதனால் அவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும்.

கதவை மூடி, ராக்கெட்டைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளைகளை உள்ள விடாதீங்க. தரை சரியில்ல. முன்னாடி அந்த மூலையில சத்தம் மாறுது," என்றேன்.

பிரபாகர் சிரித்தபடியே வந்தார். "என்னா மேடம் இது. இவ்ளோ நேரம் நீங்க ரெண்டு பேரும் அதுலதான குதிச்சீங்க?"

"அந்த மூலையில குதிக்கல சார். நாங்க ரெண்டு பேருமே குதிக்கல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், எம்.டி. வந்திருக்காரு. பிரெஸ் வந்திருக்கு. தோத்த கோவத்தைப் பசங்ககிட்ட காட்டாதீங்க, ப்ளீஸ்."

சுற்றிலும் செல்போன்கள் என்னை நோக்கித் திரும்பின. என் பயிற்சியாளர் "ரெஹானா, வா போலாம்," என்று தோளைத் தொட்டார். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பின்னால் வீடியோவில் பார்த்தேன். தோல்வி தாங்காமல் புத்தி பேதலித்த பெண் மாதிரிதான் இருந்தது. அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

அப்போது சௌம்யா வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நானும் உள்ள போக மாட்டேன் சார். போட்டோ வெளியில எடுங்க. இல்லன்னா வேண்டாம்."

அவள் அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் எதுவுமே இல்லை. ஜெயித்தவள், அணியில் இடம் வாங்கினவள், வாழ்க்கையில் முதல் பெரிய கோப்பை. பேசாமல் ஒதுங்கியிருந்தால் எல்லாக் கேலியும் என் தலையில்தான் விழுந்திருக்கும். அவளுக்கு வயது இருபத்திரண்டோ என்னவோ. நான் என் வாழ்க்கையில் பார்த்த பெரிய ஆட்டம் அவள் அந்த இடத்தில் வந்து நின்றதுதான்.

பிரபாகருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, தள்ளுங்க. நானே காட்டறன்," என்று கதவைத் திறந்து உள்ளே போனார். போலீஸ் மாதிரி நடந்து நேராக அந்த மூலைக்குப் போய், திரும்பி எங்களைப் பார்த்து, காலை ஓங்கி மிதித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தீங்களா? யானை ஏறினாலும் தாங்கும். வாங்க கண்ணுங்களா!" என்று கையை விரித்தார்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். சடை அவிழ்ந்தவள் என் ராக்கெட்டுக்குக் கீழே குனிந்து நுழைந்துவிட்டாள். நான் ராக்கெட்டைப் போட்டுவிட்டு அவள் டி-ஷர்ட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தேன். அவள் வீலென்று கத்தினாள். மற்றவர்களை சௌம்யா இரண்டு கையாலும் மறித்துக்கொண்டாள். யாரோ ஒரு அம்மா "ஏய், பிள்ளையை விடும்மா!" என்று என் மேல் பாய்ந்தார்.

உள்ளே, பிரபாகர் எங்களை நோக்கி ஒரு எட்டு எடுத்து வைத்தார். அடுத்த எட்டுக்குக் காலை எடுக்க முடியவில்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஊறின அட்டையில் கால் விடுகிற மாதிரி மரம் மெதுவாக அவரை உள்ளே வாங்கியது. தொடை வரைக்கும் போய்விட்டார். கையை ஊன்றின இடத்திலும் பலகை தொய்ந்தது. அந்த ஓட்டையிலிருந்து ஒரு வாடை வந்தது. பழைய பேட்டரியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி புளித்த, மூக்கை அறுக்கிற வாடை.

பராமரிப்பு ஆட்கள் தரையில் படுத்துத் தவழ்ந்துபோய் அவரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். கால் கிழிந்திருந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. பிறகு பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தார்கள். அந்த ஷெட் முன்னால் முலாம் பூசுகிற பட்டறையாக இருந்திருக்கிறது. அமிலத் தண்ணீர் விழுகிற தொட்டி ஒன்று அந்த மூலைக்கு அடியில். ஷெட்டை மாற்றிக் கட்டின காண்டிராக்டர் தொட்டியைத் தூர்க்காமல் மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடிவிட்டார். அடியிலிருந்து அமிலம் அதைத் தின்றுவிட்டது. மேலே இருந்த மரமும் ஊறிப்போய், தோல் மாதிரி தங்கியிருந்தது. தொட்டியில் கறுப்பாகத் தண்ணீர். ஒரு பெரிய ஆளையே முழுசாக மூழ்கடிக்கும் ஆழம். போட்டோவுக்குக் குட்டிப் பிள்ளைகளை முன்வரிசையில், அந்தச் சுவரை ஒட்டித்தான் உட்கார வைப்பதாக இருந்தார்களாம்.

பிறகு எல்லோரும் என்னிடம் வந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். சத்தம் என்றேன். பத்திரிகைகளில் என் காதைப் பற்றி எழுதினார்கள். காலில் கட்டோடு பிரபாகர் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க மேடம். உங்க காது காது இல்ல, மிஷினு," என்றார். நான் மறுக்கவில்லை. முழுப் பொய்யும் இல்லையே. ஒருவேளை காதும் காலும் முதல் நாளே அந்த ஓட்டையைத் தெரிந்துகொண்டு, எனக்குப் புரிகிற பாஷையில், ஒரு ஆள் நிற்கிற மாதிரி சொல்லியிருக்கலாம். நான் பல நாள் அப்படித்தான் என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். ஆனால் காது சத்தத்தைச் சொல்லும். ரிப்பனின் நிறத்தைச் சொல்லாது.

அன்று மத்தியானம் பஸ் கிளம்புவதற்கு முன்னால் அந்தச் சிறுமியின் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் மேல் பாய்ந்தவர் அவர்தான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அந்தக் கம்பெனியில்தான் வேலை. என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிள்ளை பேர் மகிழ்மதி. அவள் என்னைக் கொஞ்சம் கோபமாகத்தான் பார்த்தாள். இழுத்த இழுப்பில் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

"வலிக்குதா?" என்றேன்.

"லேசா." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, நீங்கதான் பச்சை ஸ்கர்ட் போட்டு ஆடுனீங்களா?"

நான் அதற்குள் குளித்து வேறு உடுத்தியிருந்தேன். "ஆமா. நீதான் ஆட்டமே பார்க்கலையே? பஸ்ஸுல வந்துட்டுல்ல இருந்தீங்க?"

"ஆமா, பஸ்ஸுல தூங்கிட்டேன். கனவு வந்துச்சு. வெள்ளையா ஒரு ரூமு. நான் ஷூ மாட்டிக்கிட்டு இருக்கேன். பின்னாடி பச்சை ஸ்கர்ட் போட்ட அக்கா ஒருத்தங்க மட்டையை ஓங்கிட்டு நிக்கிறாங்க." அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துத் திருகினாள். "அடிச்சிருவாங்கன்னு பயந்து திரும்பவே இல்ல. ஆனா அவங்க அடிக்கல."

அம்மா அவள் தலையில் தட்டினார். "என்னத்தையாவது உளறும் மேடம். வண்டியில ஏறுனா தூங்கிரும்." நான் சிரித்து வைத்தேன். பக்கத்தில் நின்ற சௌம்யா சிரிக்கவில்லை. அவள் கை என் முழங்கையை இறுக்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஊர் திரும்பும் வழியில் போச்சம்பள்ளிக் கடைத்தெருவில் காரை நிறுத்தினோம். அந்தப் பட்டறையில் ரொம்ப வருஷம் வேலை பார்த்த ஒருவர் அங்கே டீக்கடை வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். சௌம்யாதான் கேட்டாள். அந்தத் தொட்டியில் யாராவது விழுந்து செத்திருக்கிறார்களா? ஒரு குழந்தை?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர் டீயை ஆற்றிக்கொண்டே. "நாங்க இருந்தவரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டிகூட விழுந்தது கிடையாது."

நாங்கள் காரில் ஏறினோம். யாராவது செத்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. பேய்க்கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். நடந்து முடிந்த ஒன்றைப் பார்த்துப் பயப்பட நமக்குத் தெரியும். இன்னும் நடக்காத ஒன்று வந்து முன்னால் உட்கார்ந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரவில்லை.

சௌம்யா அணியில் ஆடினாள், நன்றாகவே ஆடினாள். நான் அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வருஷம் சின்னப் போட்டிகளில் ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அந்தப் புள்ளியை நினைத்து வருத்தமா என்று கேட்பார்கள். இந்திய ஜெர்சியை இன்னொரு தடவை போட ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பின்கழுத்தையும் அந்த ஜெர்சியையும் தராசில் வைக்கிற நிலைமை எனக்கு வரவே இல்லை. கை தானாக நின்றுவிட்டது. பல வருஷமாக நின்று நின்று பழகின கை. அன்றைக்கு யோசித்து நிறுத்த வேண்டியிருந்தால் நிச்சயம் அடித்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளிநாட்டில் ஒரு ஊரில் ஆடினேன். காலிறுதி. நல்ல கோர்ட், பழுதில்லாத தரை. ஆட்டத்தின் நடுவில், வலது பக்கச் சுவரை ஒட்டி ஒரு வயதானவர் நிற்பதைப் பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டு, கையில் தொப்பி. எதையோ தேடுகிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. நோ லெட். இந்தத் தடவை எதிராளிக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஆட்டம் முடிந்ததும் நடத்துபவர்களிடம் தரையைப் பார்க்கச் சொன்னேன். மரியாதைக்காகப் பார்த்தார்கள். சுவரைத் தட்டினார்கள், கூரை விளக்கை ஆட்டிப் பார்த்தார்கள். எல்லாம் உறுதியாக இருந்தது. அன்று மீதி ஆட்டங்கள் முடிகிற வரைக்கும் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைப்பவர்கள் வந்தார்கள், போனார்கள். சாம்பல் கோட்டுக்காரர் வரவில்லை. மறுநாள் எனக்கு விமானம். இன்றைக்கும் அந்த ஊர்ப் பேர் செய்தியில் வந்தால், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு, முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.